கைப்பிடிக் கம்பி

நமது லயங்களில் முதியவர்கள் வழுக்கி விழும் இடம் நமக்குத் தெரியாததல்ல: பீலிக்கரை, இஸ்தோப்புப் படி. இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் பிறகு பழையபடி நடமாடுவதில்லை. "வயசாச்சு, விழுந்திட்டாங்க" என்று நாம் சொல்லிவிடுகிறோம். படியைப் பற்றிப் பேசுவதில்லை.

சிங்கப்பூரில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். அங்கே பெரும்பாலான மக்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். நம்மவர் கூடும் தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ சாலையிலும் அத்தகைய வீடுகள் உண்டு. பழைய கட்டடங்களில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நிற்கும்; மற்றவர்கள் படியேற வேண்டும். 2001இல் தொடங்கிய திட்டத்தால் பெரும்பாலான கட்டடங்களில் எல்லா மாடியிலும் நிற்கலாயிற்று.

பிறகு, 2012இல், 'ஈஸ்' என்னும் திட்டம் வீட்டுக்குள்ளேயே வந்தது. குளியலறையில் கைப்பிடிக் கம்பி, தரை வழுக்காதிருக்கப் பூச்சு, வாசலில் சாய்தளம். 65 வயதானவர் இருக்கும் குடிமக்களின் வீடு மூன்றறைக்குள் என்றால் செலவில் 95 சதவீதம் அரசினுடையது. பெரிய வீட்டுக்குச் சலுகை சற்றுக் குறைவு.

அங்கே வீடு அவர்கள் பெயரில் இருக்கிறது. நம்மில் பலர் லயத்துச் சுவரில் கைவைக்கவும் துரையைக் கேட்கவேண்டும். கேட்போம், தலைவர் மூலம் எழுத்திலேயே கேட்போம். அனுமதி கிடைத்ததும் அம்மாயியைப் படியருகே நிறுத்தி, அவர் கை தானாகப் போய்ப் பிடிக்கும் உயரத்தில் கரியால் குறி வையுங்கள். கொடிக்கயிற்று ஆணி ஆள் பாரம் தாங்காது. இரும்புக் குழாயைச் சீமெந்து வைத்து இறுக்க வேண்டும்.