சான்றில்லா வழக்கு நில்லாது

(கல்கிசையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



நாம் கூடியிருக்கும் இக்கல்கிசையிலே, 1806ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லண்ட் தமக்கென ஒரு மாளிகை அமைத்தார். அதனைக் காணப் பிறநாட்டார் இன்றும் வருகின்றனர். அதே ஆண்டில் அவருடைய ஆட்சியே யாழ்ப்பாணத்தாரின் தேசவழமையை 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் சட்டமாக ஏற்றது. அச்சட்டத்தின் மூல வரலாற்றை அறிய நம்மவருள் எத்தனைபேர் முயன்றனர்?

கமக்காரப் பெருமக்களே! சுவடி ஆராய்ச்சி படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் என்ன கூறிற்று? காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவே என்று கொள்ளப்படும் என்றது. நிரூபிக்கும் பாரம் யார் தலையில் விழுந்தது? தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியவன் தலையில்! அவன் கையிலே மண் இருந்தது, ஏடு இருக்கவில்லை. ஏடு அரசாங்கத்தின் கையில் இருந்தது. தமிழன் மட்டுமன்று, சிங்களக் குடியானவனும் அச்சட்டத்தால் அல்லலுற்றான்.

அவ்வேடுகள் இன்று எங்கே? கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் ஆட்சி ஏடுகள் மட்டும் ஏறக்குறைய ஏழாயிரம் தொகுதிகள் உள்ளன. காணித் தோம்புகள் அவற்றுள் அடங்கும். அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் உள்ளன. தேசாதிபதிகள் இலண்டனுக்கு எழுதிய கடிதங்கள் கியூ நகரச் சுவடிநிலையத்தில் உள்ளன. வெள்ளவத்தையிலிருந்து சுவடிக்கூடம் தூரமன்று. நமது ஊக்கமே தூரத்தில் நிற்கிறது.

ஆனால் ஒன்று கூறுவேன். ஏட்டை நமக்கு வேண்டிய அளவிற்கு மட்டும் வாசிப்பது ஆராய்ச்சியாகாது. 1799ஆம் ஆண்டில் ஹியூ கிளெக்கோன் எழுதிய குறிப்பை நம் மேடைகளிலே பலமுறை கேட்டிருக்கிறோம். இத்தீவை இரு இனத்தார் பண்டுதொட்டுப் பகிர்ந்து வாழ்ந்தனர் என்று அவர் எழுதியது உண்மை. அதே குறிப்பில், சிங்களவர் சீயத்திலிருந்து வந்தவர் என்றும் அவர் எழுதியுள்ளார். அது தவறு. முதற்கூற்றை முழங்கி மறுகூற்றை மறைத்தால், எதிர்வழக்காடுபவன் அதை எடுத்துக் காட்டமாட்டானா? கிளெக்கோனின் கூற்றைத் தோம்போடும் பிற ஏடுகளோடும் ஒப்புநோக்கி நிறுவுவதே நம் கடன்.

தேசவழமையையே எடுத்துக்கொள்வோம். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பினர். அதிலே நமது சொத்துரிமை பேசுகிறது. அடிமைகளைப்பற்றிய விதிகளும் பேசுகின்றன. அந்த அடிமைகளை எவரேனும் அழைத்துக் கேட்டனரா? இல்லை. ஆகவே ஒவ்வோர் ஏட்டிடமும் கேட்க வேண்டியவை மூன்று: யார் எழுதியது? எதற்காக எழுதியது? யாருடைய குரல் அதில் இல்லை? இவ்வினாக்கள் அந்நியன் ஏட்டுக்கு மட்டுமல்ல, நம்முடைய ஏட்டுக்கும் உரியவை.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. ஓரிடத்தில் மட்டும் வைத்த செல்வம் ஓரிரவிலே அழியும் என்பதை நாம் அறிந்தவர்கள்.

ஆதலால் என் வேண்டுகோள் இவை. வழக்கறிஞரே, ஆசிரியரே, உங்களுள் சிலராவது பழைய ஒல்லாந்த மொழியைக் கற்க மாணவரைத் தூண்டுங்கள். கமக்காரரே, பெட்டகத்தில் கறையான் அரிக்கும் பழைய உறுதிகளைப் பிரதிசெய்து இரண்டு இடங்களில் வையுங்கள். அண்மைக்கால அரசாங்கக் கோப்புகளைக் கேட்டுப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது; அவ்வழியே செல்லுங்கள்.

உணர்ச்சி கூட்டத்தைச் சேர்க்கும். சான்றே வழக்கை வெல்லும். அச்சான்றைத் தேடப் புறப்படுவோம்.