எந்திரம் சொன்னாலும் பொறுப்பு முதலாளிக்கே!



கனடாவில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். 2022 நவம்பரில் பாட்டியை இழந்த ஒருவர், ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் துக்கப் பயணச் சலுகை பற்றி விசாரித்தார். பதில் சொன்னது மனிதரல்ல. சாட்பாட் எனும் தானியங்கி. டிக்கெட் வாங்கி 90 நாட்களுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. நம்பி வாங்கினார். பயணம் முடிந்தபின் சலுகை இல்லையென்று நிறுவனம் கையை விரித்தது. தானியங்கி சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று வாதாடவும் செய்தது!

2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளியது. இணையதளத்தில் உள்ள அனைத்துக்கும் நிறுவனமே பொறுப்பு என்றது. வட்டி, கட்டணம் உட்பட சுமார் 812 கனடா டாலர் கொடுக்க உத்தரவிட்டது.

தொகை சிறிது, பாடம் பெரிது. எடை குறைந்தால் தராசின் மீதா பழி போடுவோம்?

இன்றைய செயற்கை நுண்ணறிவு இன்னும் சரளமாகப் பேசுகிறது. பிழையையும் அதே சரளத்தோடு சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்து, படிப்படியாகச் செயல்படுத்தப்படுகிறது. நம் கடைக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வியாபாரிகளே! விலை, உத்தரவாதம், பணம் திருப்பித் தருதல் பற்றி எந்திரம் சொல்வதை ஒரு மனிதர் சரிபார்க்கட்டும். இளைஞர்களே! அது தந்த செய்தியை விசாரிக்காமல் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

பேசுவது எந்திரம்; போவது நம் நாணயம். சிந்திப்பீர்!