ஷைலாக்கும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் இலக்கியச் சொற்பொழிவு ஒன்று நிகழவேண்டும் என்பது நம் சங்கத்தின் வழக்கம். கல்லூரிப் பேராசிரியர்களை அழைப்பதே முறை. இவ்வாண்டு அப்பொறுப்பு, பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துப் புகைவண்டி நிலையக் கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் நம்மிடம் வந்து சேர்ந்தது. பெரியோர் பொறுத்தருள்க.

நாம் எடுத்துக்கொண்ட பொருள், பழைய ஆங்கில நாடகங்களில் வரும் யூதப் பாத்திரங்களைப் பற்றியது. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் பள்ளியில் வெனிஸ் வணிகன் கதையைப் படிக்கிறார்கள். கடன் கொடுத்துக் கழுத்தை நெரிப்பவனை ஷைலாக் என்றே நாமும் அழைக்கிறோம். யூதர் ஒருவரையேனும் கண்டறியாத வீட்டிலும் அப்பெயர் வழங்குகிறது. காணாத ஒரு மக்களைப் பற்றிய கருத்து நம் வீட்டுக்குள் எவ்வாறு புகுந்தது? இதுவே நம் வினா.

இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் 1290ஆம் ஆண்டு தன் நாட்டு யூதர் அனைவரையும் வெளியேற்றினான். அவர்கள் மீண்டும் வெளிப்படையாகக் குடியேற வழி பிறந்தது 1656இல். இடைப்பட்ட காலத்தில்தான் மார்லோவும் ஷேக்ஸ்பியரும் எழுதினர். இலண்டன் நகரில் கிறிஸ்தவர் போல் வாழ்ந்த சில யூதக் குடும்பங்கள் இருந்தன எனினும், நாடகம் பார்க்க வந்த பொதுமக்கள் தம் வாழ்வில் யூதர் எவரையும் யூதராகக் கண்டவரல்லர். அவ்வாறாயின் மேடையில் நின்ற யூதன் எங்கிருந்து வந்தான்? தெருவிலிருந்து வரவில்லை; கோயிலிலிருந்தும் பழங்கதைகளிலிருந்தும் வந்தான்.

அக்காலச் சமய மரபில் யூதர்க்கு இரு முகங்கள் உண்டு. பழைய ஏற்பாட்டின் ஆபிரகாமும் மோசேயும் தாவீதும் பெருமக்கள், போற்றத்தக்கவர்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசோ வெறுக்கத்தக்கவன். ஜார்ஜ் பீல் என்பார் தாவீது மன்னனை வைத்து எழுதிய நாடகம் 1599இல் அச்சாயிற்று. எலிசபெத் கேரி என்ற பெண்மணி ஏரோது மன்னனின் மனைவி மரியத்தின் துயரக் கதையை நாடகமாக்கி 1613இல் வெளியிட்டார். தாய்மார்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெண் ஒருவர் ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதி அச்சேறிய முதல் நாடகம் அதுவே என்பர். ஆக, பண்டைய யூதர் அரியணையில் அமர்ந்தனர். சமகால யூதனோ பெரும்பாலும் வட்டிக்கடையில் நின்றான். மூதாதையரை வணங்கிப் பேரப்பிள்ளைகளை இகழ்ந்த விந்தை இது.

மார்லோ ஏறத்தாழ 1590இல் எழுதிய 'மால்டாவின் யூதன்' நாடகத்தை நோக்குவோம். அதன் தலைவனுக்குப் பரபாஸ் என்று பெயர். இயேசுவுக்குப் பதிலாக விடுதலை பெற்ற கள்வனின் பெயர் அது. பாத்திரம் வாய் திறப்பதற்கு முன்பே பெயர் தீர்ப்புக் கூறிவிடுகிறது! துருக்கியர்க்குக் கப்பம் கட்டவேண்டிய மால்டா ஆளுநன் யூதரை மட்டும் அழைக்கிறான். சொத்தில் பாதியைக் கொடுக்கவேண்டும். மறுப்பவர் மதம் மாறவேண்டும். அதையும் மறுத்தால் முழுச் சொத்தும் பறிபோகும் என்கிறான். பரபாஸ் அனைத்தையும் இழக்கிறான். பின்னர் அவன் செய்யும் கொலைகளுக்கு அளவில்லை. கன்னிமாடம் ஒன்றுக்கே நஞ்சூட்டுகிறான். முடிவில், பிறர்க்காகத் தான் அமைத்த பொறியில் தானே விழுந்து கொதிக்கும் கொப்பரையில் மடிகிறான். ஆயினும் முதற் கொள்ளையைச் செய்தவர் யாவர் என்பதை மார்லோ மறைக்கவில்லை.

அவருக்கு முன்னரே வேறொரு யூதன் ஆங்கில மேடையில் நடமாடியிருக்கிறான். இராபர்ட் வில்சன் எழுதி 1584இல் அச்சான 'இலண்டனின் மூன்று சீமாட்டிகள்' நாடகத்தில் ஜெரோண்டஸ் என்ற யூதன் இத்தாலிய வணிகனுக்குக் கடன் தருகிறான். துருக்கி நாட்டில் வழக்கு நடக்கிறது. இசுலாத்தைத் தழுவுவோர்க்குக் கடன் நீங்கும் என்பது அந்நாடகத்தில் வரும் சட்டம். கடனைத் தள்ளுவதற்காகவே வணிகன் மதம் மாறத் துணிகிறான். ஜெரோண்டஸ் பதறுகிறான். வட்டியை விட்டுவிடுகிறான்; பின்னர் பாதி முதலை விடுகிறான்; இறுதியில் முழு முதலையும் விட்டுவிடுகிறான். பணத்திற்காக ஒருவன் தன் சமயத்தைக் கைவிட்டான் என்ற பழி தன்னால் நேரக்கூடாது என்பது அவன் கருத்து. யூதனை நல்லவனாகக் காட்டவும் அக்காலத்தில் இயன்றது என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆயினும் ஜெரோண்டஸை உலகம் மறந்தது. ஷைலாக்கை நினைவில் வைத்தது.

1594இல் எலிசபெத் அரசியின் மருத்துவர் உரோடரிகோ லோப்பஸ் என்பவர் அரசிக்கு நஞ்சிடச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் தூக்கிலிடப்பட்டார். அவர் போர்ச்சுகலில் பிறந்தவர். யூத வழிவந்த கிறிஸ்தவர். அதே ஆண்டில் மார்லோவின் நாடகம் மீண்டும் மீண்டும் மேடையேறியது. மக்கள் உள்ளம் கொதித்திருந்த அந்நாட்களுக்குப் பின், 1596, 1597 அளவில் ஷேக்ஸ்பியர் வெனிஸ் வணிகனை எழுதினார்.

ஷைலாக் கொடியவன், ஐயமில்லை. கடனுக்கு ஈடாக ஓர் இராத்தல் சதை கேட்பவனை எவரும் நல்லவன் என்னார். ஆயினும் ஷேக்ஸ்பியர் அவனுக்கு ஒரு வீட்டையும் ஒரு சமயத்தையும் தந்தார். வணிகம் செய்வேன், ஆனால் உங்களோடு உண்ணவும் தொழவும் மாட்டேன் என்கிறான் ஷைலாக். யாக்கோபின் ஆட்டு மந்தைக் கதையைச் சொல்லித் தன் தொழிலுக்கு நியாயம் தேடுகிறான். ஓய்வு நாளின் மேல் ஆணையிடுகிறான். ஓடிப்போன மகள், அவன் மனைவி லேயா தந்த மோதிரத்தைக் கொடுத்து ஒரு குரங்கை வாங்கினாள் என்று கேட்டுத் துடிக்கிறான். நாங்களும் உங்களைப் போல் உறுப்பும் உணர்வும் உடையவர்கள் அல்லரோ என்று கேட்கும் பேச்சை அவன் வாயிலேயே கவிஞர் வைத்தார். பழிவாங்கும் உரிமையில்தான் அப்பேச்சு முடிகிறது. ஆயினும் அதைக் கேட்டவர் அவனைப் பின்னர் பொம்மையாகக் கருத இயலாது.

இங்கு இரண்டு செய்திகளை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, வட்டி. வெனிஸ் நகரில் 1516 முதல் யூதர் தனிச் சேரியில் அடைக்கப்பட்டனர். இரவில் அதன் வாயிற்கதவுகள் பூட்டப்பட்டன. நிலம் வாங்கவும் பெரும்பாலான கைத்தொழில்கள் செய்யவும் அவர்களுக்கு உரிமையில்லை. பெரும்பாலான வழிகளை அடைத்து வட்டி வழியைத் திறந்து வைத்துவிட்டு, ஏன் அவ்வழியே சென்றாய் என்று கேட்பது நீதியன்று. இங்கிலாந்திலோ 1571ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்குப் பத்து வரை வட்டியைப் பொறுத்துக்கொண்டது. அங்குக் கடன் கொடுத்தவர் கிறிஸ்தவர்களே.

இரண்டாவது, கருணை. நீதிமன்றக் காட்சியில் யூதன் சட்டத்தின் உருவாகவும் போர்ஷியா கருணையின் உருவாகவும் நிற்கிறார்கள். பழைய நெறி சட்டம், புதிய நெறி அருள் என்ற கிறிஸ்தவ மரபின் கருத்து அது. ஆனால் யூதரின் சங்கீதங்களைப் புரட்டுவோர் இறைவனின் இரக்கத்தைப் பக்கந்தோறும் காணலாம். திருவள்ளுவர் கண்ணோட்டத்துக்கு ஓர் அதிகாரம் வகுத்தது போல, இரக்கம் எல்லாச் சமயங்களுக்கும் பொதுச் சொத்து. அந்நீதிமன்றம் ஷைலாக்குக்குக் காட்டிய கருணை யாது? உயிரை விட்டது, மதம் மாறவேண்டும் என்று விதித்தது. தன் உடல்நிலை சரியில்லை என்று கூறி அவன் வெளியேறுகிறான். பின்னர் மேடைக்கு வருவதேயில்லை.

பின்வந்த நடிகர்கள் அவனைப் பலவாறு காட்டினர். மேக்ளின் 1741இல் அச்சமூட்டும் ஷைலாக்காக நின்றார். எட்மண்ட் கீன் 1814இல் அவனை மனிதனாகக் காட்டினார். ஆனால் 1943இல், யூதர் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், வியன்னா நகரில் அந்நாடகம் அவர்கள்மீது வெறுப்பை வளர்க்கும் முறையில் மேடையேறியது. நாடகம் வெறும் பொழுதுபோக்கு என்பாரை இந்நிகழ்ச்சி சிந்திக்க வைக்கும்.

இனி நாம் வாழும் இக்கரைக்கு வருவோம். இங்கிருந்து புகைவண்டியில் அறுபத்தைந்து கிலோமீட்டர் சென்றால் கொல்லம். 849ஆம் ஆண்டில் வேணாட்டு மன்னர் ஐயனடிகள் திருவடிகள் அங்குள்ள தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதன் இறுதி ஏட்டில் சாட்சிகள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் ஒப்பமிட்டுள்ளனர். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு இரப்பான் என்ற யூதத் தலைவர்க்கு எழுபத்திரண்டு உரிமைகள் ஈந்தான். பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை முதலிய சிறப்புகள் அவற்றுள் அடங்கும். அச்செப்பேடு அவரை இசுப்பு என்றே நம் வாயொலியில் அழைக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டி யூதரின் செப ஆலயம் எழுந்தது 1568இல். அப்போது ஷேக்ஸ்பியர் நான்கு வயதுக் குழந்தை! யூதர் வெளிப்படையாக வாழ இயலாத நாட்டில் அவர் ஷைலாக்கைப் படைக்கவிருந்தார். இங்கோ மன்னனின் வழிபாட்டிடமும் யூதரின் வழிபாட்டிடமும் அண்டை அண்டையாக நின்றன.

இங்கு எல்லாம் இன்பமயம் என்று நாம் கூறவில்லை. 1524இல் கொடுங்கல்லூர் யூதர் தாக்கப்பட்டனர். போர்ச்சுகீசியர் 1662இல் செப ஆலயத்தைச் சேதப்படுத்தினர். யூதருக்குள்ளேயே மேல் கீழ் என்ற வேற்றுமை இருந்தது. அதனை எதிர்த்து ஏ. பி. சேலம் அவர்கள் காந்தியடிகளின் வழியில் செப ஆலயத்துக்குள்ளேயே அறப்போர் நடத்தினார். ஆயினும் இங்குள்ளோர் யூதரை மிளகு வணிகராக, அரசவையில் பணி செய்தவராக, பக்கத்து வீட்டாராக அறிந்தனர். யூதப் பெண்டிர் தம் வேதக் கதைகளை மலையாளத்திலேயே பாட்டாக்கித் தம் வீட்டு விழாக்களில் பாடினர். 1950களில் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பாட்டுகளையும் உடன் கொண்டு சென்றனர்.

தமிழுக்கு ஷைலாக் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மொழிபெயர்ப்பாக வந்துவிட்டான். பம்மல் சம்பந்த முதலியார் வாணீபுர வணிகன் என்று அக்கதையைத் தமிழ் மரபுக்கு மாற்றினார். 1940இல் ஷைலாக் என்ற திரைப்படமும் வந்தது. செருகளத்தூர் சாமா நடித்தார். கதையை நம் நாட்டுக்கு மாற்றும்போது ஒரு வினா எழுகிறது. நம்மிடையே யூதர் இல்லையே. அந்த வட்டிக்காரனுக்கு யாருடைய உடையை அணிவிப்பது? எந்தச் சமூகத்தின் பேச்சைக் கொடுப்பது? அங்கேதான் ஆசிரியனின் அறம் சோதிக்கப்படுகிறது.

இவ்வினாவுக்கு இந்நகரிலேயே விடை உண்டு. மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளை அவர்கள் 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். ஆங்கில நாடகத்தின் ஐந்தங்க அமைப்பில் எழுந்த தமிழ்க் காப்பியம் அது. நாஞ்சில் நாட்டை முன்னிட்டுப் பாண்டியனும் சேரனும் போரிடுகின்றனர். தமிழறிஞர் எழுதிய நூலில் சேரன் தீயவனாக இருப்பான் என்று எதிர்பார்ப்போம். இல்லை! சேரன் புருடோத்தமன் பண்பாளன். மனோன்மணியை மணப்பவனும் அவனே. கதையின் தீயோன் குடிலன், பாண்டியனுக்குச் சொந்த அமைச்சன். தீமையை எல்லைக்கு அப்பால் தேடாமல் தம் வீட்டுக்குள் கண்ட ஆசிரியர் அவர்.

அன்பர்களே, இந்நகரில் நாம் அயலார். பாண்டி என்ற சொல்லை நகைப்போடு நம் காதில் விழச் செய்வோர் இங்குச் சிலர் உண்டு. மேடையிலும் திரையிலும் தமிழன் என்றால் வட்டிக்கு விடுபவன், முரடன் என்று காட்டும்போது நம் பிள்ளைகள் தலைகுனிந்து அமர்ந்திருக்கக் கண்டிருக்கிறோம். ஆயின் நம் நாடகங்களிலும் தேநீர்க்கடை நாயர் கொச்சைத் தமிழ் பேசிச் சிரிப்பூட்டவே வருகிறார். வட்டிக்கடைக்காரருக்கு மார்வாடித் தலைப்பாகை தயாராக இருக்கிறது. ஒன்றைக் கண்டு வருந்தும் நாம் மற்றொன்றைச் செய்தல் தகுமோ?

ஆகவே நம் நாடகக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். நகைச்சுவை வேண்டும், தீயோனும் வேண்டும். ஆனால் ஒருவன் பிறந்த குலத்தையும் பேசும் மொழியையும் அவனுடைய குற்றமாக்க வேண்டா. அயலான் ஒருவனை மேடையேற்றினால், அவன் தன் பக்கத்தை எடுத்துரைக்க ஒரு நல்ல பேச்சேனும் கொடுங்கள். தான் காணாத ஒருவனுக்கு ஷேக்ஸ்பியரே அதனைக் கொடுத்தார். அன்றாடம் காணும் அண்டை வீட்டாருக்கு நாம் கொடுக்கலாகாதா? அடுத்த ஆண்டு விழா நாடகத்தில் மலையாளப் பாத்திரம் வருமாயின், நம் மலையாள நண்பர்களை முன்வரிசையில் அமர்த்துவோம். அவர்களும் நம்மோடு சேர்ந்து சிரித்தால் நாடகம் நன்று.

 வாழிய செந்தமிழ்! வாழிய இந்நாடு!