ஒரு சரி, இரண்டு சரி

(வோபர்னில் நடைபெற்ற எமது சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச்சாளன் அல்ல. ஊரில் ஏ.எல். வரை படித்தேன். அதற்கு மேலே படிக்க நாட்டு நிலைமையும் விடவில்லை, வீட்டு நிலைமையும் விடவில்லை. இங்கே ஒரு தொழிற்சாலையில் பின்னேரச் சிவ்ற்றில் மெசினோடு மாரடிக்கிறேன். கணணி படித்தவனும் அல்ல. அப்படியிருக்க, "போனிலை வாற அடையாளங்களைப் பற்றி நீ பேசு தம்பி" என்று செயலாளர் அண்ணை ஏன் என்னைப் பிடித்தார்? அந்த அடையாளங்களைப் பிழையாக வாசித்து, இந்தச் சங்கத்திலேயே அதிகம் நட்டப்பட்டவன் நான்தான் என்று அவருக்குத் தெரியும்.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023ஆம் ஆண்டு மாசி மாதம். அம்மா கோப்பாயில் அக்காவோடு இருக்கிறா. வீட்டுத் திருத்தத்துக்கு அனுப்பிய காசு பற்றிப் போனில் கதைக்கும்போது, "அனுப்பிற காசெல்லாம் எங்கை போகுது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அக்கா அழுதுகொண்டு போனை வைத்துவிட்டா. இரண்டு நாள் கழித்து மனம் கேட்கவில்லை. வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் இருந்து, மன்னிப்புக் கேட்டு வட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன். ஒரு சரிதான் விழுந்தது. அடுத்த நாளும் ஒரு சரி. ஒரு கிழமையும் ஒரு சரி. வட்ஸ்அப்பில் கோல் எடுத்தால் 'கோலிங்' என்று மட்டும் காட்டியது, 'ரிங்கிங்' என்று வரவில்லை. பக்கத்து மெசினில் நிற்கிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உன்னை அக்கா புளொக் பண்ணிப்போட்டா, வேறை ஒண்டுமில்லை" என்றார். நானும் நம்பினேன். எனக்கும் ரோசம் வந்தது. "சரி, அவவே எடுக்கட்டும்" என்று விட்டுவிட்டேன். அக்காவின் கணக்குக்குக் காசு மட்டும் மாதம் மாதம் போனது. வார்த்தை போகவில்லை.

நாலு மாதம் அப்படியே போனது.

ஆனி மாதம் எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் பிள்ளை ஒன்று, புதுப் போனைச் சரிப்படுத்தித் தர வந்தது. முகநூல் மெசெஞ்சரைத் திறந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இந்த ரிக்குவெஸ்ற் ஒண்டையும் நீங்கள் பாக்கிறேல்லையோ?" என்று கேட்டது. அப்படி ஒரு அறை இருப்பதே எனக்குத் தெரியாது. அதற்குள்ளே என் மருமகன், அக்காவின் மகன், எழுதியிருக்கிறான். "மாமா, அம்மான்ரை போன் பஸ்சிலை களவு போட்டுது. உங்கடை நம்பரும் அதோடை போட்டுது. இதுதான் புது நம்பர். அம்மம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்யப்போகினம், எடுங்கோ." அவன் எழுதி மூன்று மாதம். ஒப்பரேசன் முடிந்து, அம்மா வீட்டுக்கும் வந்துவிட்டா. கண் கட்டோடு படுத்திருந்தபடி, "தம்பி எடுத்தவனோ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறா.

பழைய சிம் வேறொருவர் பெயரில் இருந்ததால் அக்காவுக்கு அதே நம்பரைத் திரும்ப எடுக்க முடியவில்லை. நான் கோபத்தில் இருக்கிறேன் என்று அவ நினைத்தா. அவ என்னைத் தடுத்துவிட்டா என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் நினைத்தது பிழை.

அன்பானவர்களே, அந்தப் பிள்ளையிடமிருந்தும் பிறகு கேட்டறிந்தும் நான் படித்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

வட்ஸ்அப்பில் சின்ன மணிக்கூடு தெரிந்தால், செய்தி இன்னும் உங்கள் போனைவிட்டே போகவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சரி என்றால் உங்களிடமிருந்து புறப்பட்டுக் கொம்பனிக்குப் போய்விட்டது, அவரின் போனுக்குப் போகவில்லை. இரண்டு சாம்பல் சரி என்றால் அவரின் போனுக்குப் போய்விட்டது, அவர் பார்த்தாரோ தெரியாது. இரண்டும் நீலமானால் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டார். இந்த நீலம் 2014 கார்த்திகையில்தான் வந்தது. வந்தவுடன் பலர் ஆட்சேபித்தபடியால் சில நாளிலேயே அதை நிறுத்தி வைக்கவும் வழி விட்டார்கள். நிறுத்தினவருக்கு மற்றவரின் நீலமும் தெரியாது. குழுக்களில் மட்டும் அதை மறைக்க முடியாது. அங்கே எல்லோரும் பார்த்தால்தான் நீலம் விழும். ஒரு ஆச்சி போனை லாச்சிக்குள் வைத்திருந்தாலே போதும், முழுக் குழுவுக்கும் சாம்பல்தான்.

ஆகவே நீலம் வராவிட்டால் அவர் பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை. நீலம் வந்தால் அவர் வாசித்து யோசித்தார் என்றும் அர்த்தமில்லை. பிள்ளை விளையாடும்போது கை பட்டாலும் நீலம்தான்.

ஒரு சரிக்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். போன் நின்றிருக்கலாம், டேற்றா முடிந்திருக்கலாம், களவு போயிருக்கலாம், சிம் மாறியிருக்கலாம். புளொக் பண்ணினாலும் ஒரு சரிதான். எது என்று வேண்டுமென்றே தெளிவாகக் காட்டுவதில்லை என்று அந்தக் கொம்பனியே சொல்கிறது. புளொக் பண்ணினவரின் அந்தரங்கத்தைக் காப்பாற்றத்தான் அப்படி. ஒரு படம் மறைந்ததும் அப்படித்தான். தன் போனில் பதிந்த ஆட்களுக்கு மட்டும் படம் காட்டுகிறவர், புதுப் போனில் உங்கள் நம்பரைப் பதியாமல் விட்டால் உங்களுக்குப் படம் தெரியாது.

இன்னொன்று. சேராத செய்தியை வட்ஸ்அப் 30 நாள்தான் வைத்திருக்கும். பிறகு அழித்துவிடும். நான் மன்னிப்புக் கேட்டு எழுதியது இன்றுவரை அக்காவிடம் போகவில்லை. என் போனில் மட்டும் அந்த ஒரு சரியோடு கிடக்கிறது.

மெசெஞ்சரில் சரிக்குப் பதிலாக வட்டம். வெறும் வட்டம் என்றால் போய்க்கொண்டிருக்கிறது. வட்டத்துக்குள் சரி விழுந்தால் அனுப்பியாயிற்று. வட்டம் நிரம்பினால் சேர்ந்துவிட்டது. கீழே அவரின் குட்டிப் படம் வந்தால் பார்த்துவிட்டார். பச்சைப் பொட்டு என்றால் அவர் அதைத் திறந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். வைபரில் பார்த்தால் சரி ஊதா நிறமாகும். முகநூலில் நீங்கள் நண்பராகச் சேர்க்காதவர் எழுதினால், அது ரிக்குவெஸ்ற் என்ற தனி அறைக்குப் போய்விடும். நீங்கள் ஏற்றுக்கொள்ளும்வரை, நீங்கள் பார்த்தீர்களோ இல்லையோ என்று அவருக்குத் தெரியாது. சொந்த மருமகனை நண்பராகச் சேர்க்காத மாமன் நான். குற்றம் யாரில்?

தாய்மாருக்கு ஒன்று. பிள்ளைகளின் ஸ்னப்சற்றில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் இருதயம் இருந்தால் உடனே அகப்பைக்காம்பைத் தூக்காதையுங்கோ. இரண்டு பேர் ஒருவருக்கொருவர்தான் அதிகம் அனுப்பிக்கொண்டால் தங்க நிற இருதயம் வரும். இரண்டு கிழமை அப்படியே இருந்தால் அது சிவப்பாகும். இரண்டு மாதம் போனால் இளஞ்சிவப்பு. நெருப்பும் இலக்கமும் என்றால், அத்தனை நாள் விடாமல் அனுப்பியிருக்கிறார்கள். அந்த இருதயத்தைப் பிள்ளை போடவில்லை, கொம்பனி எண்ணிப் பார்த்துப் போட்டது. என்ன என்று பிள்ளையிடம் கேளுங்கோ. கேட்ட பிறகு பேசலாம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விடயம்.

2019 சித்திரை 20, சனிக்கிழமை. ஓவர்ரைம் முடிந்து 102 மார்க்கம் வீதி பஸ்சில் வீட்டுக்கு வர நடுச்சாமம் ஆகிவிட்டது. ஊரில் அப்போது 21ஆம் திகதி காலை, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களில் குண்டு வெடித்த செய்தி வருகிறது. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும் அதில் ஒன்று. மனைவியின் பெரியம்மா மட்டக்களப்பில் இருக்கிறா. செய்தி அனுப்பினோம், ஒரு சரி. விடிந்த பிறகும் ஒரு சரி. முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் அன்றே தடுத்துவிட்டது. 30ஆம் திகதி வரை அந்தத் தடை இருந்தது. எங்களுக்கு அது தெரியாது. ஆனால் நாங்கள் சரியை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. சாதாரண கோல் எடுத்தோம். பத்தாவது தடவை கிடைத்தது. "நான் வீட்டிலை சுகமா இருக்கிறன் பிள்ளை" என்று பெரியம்மா சொன்ன பிறகுதான் மனைவி தண்ணி குடித்தா.

2022இலும் அப்படித்தான். பங்குனிக் கடைசியில் அங்கே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். எத்தனை பேரின் போன் செத்துக் கிடந்திருக்கும்!

பிறகு ஏன் 2023இல் நான் சாதாரண கோல் ஒன்று எடுக்கவில்லை? அக்காவின் பழைய நம்பர் வேலை செய்யவில்லை என்றாவது தெரிந்திருக்குமே? பக்கத்து வீட்டு ரீச்சருக்கு எடுத்துக் கேட்டிருக்கலாமே? நான் அதைப் பலநாள் யோசித்தேன். பயம் வந்தால் நாங்கள் கோல் எடுக்கிறோம். கோபம் வந்தால் சரியை எண்ணுகிறோம். காரணம் அவ்வளவுதான்.

அம்மா ஒரு கதை சொல்லுவா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ரெலிபோன் இல்லை. சின்னமாமா அப்போது வெளிநாட்டில். கிளாலிக் கடல் கடந்து போகிறவர்களிடம் கடிதம் கொடுத்துவிடுவார்கள். பதில் வர மாதக்கணக்கு. வராமலும் போகும். "அப்ப மாமாவிலை கோவம் வரேல்லையோ?" என்று கேட்டேன். "அவன் எழுதியிருப்பான், வழியிலை கிடக்கும் எண்டுதானே நினைப்பம்" என்றா அம்மா. அந்தக் காலத்தில் அடையாளம் ஒன்றுமில்லை. நம்பிக்கை இருந்தது. இப்போது அடையாளம் நிறைய இருக்கிறது, நாங்கள் அதிலே குற்றம் தேடுகிறோம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். எனது சாப்பாட்டு இடைவேளை இரவு 7 மணி. ஊரில் அப்போது கோடையில் விடிய 4.30, குளிர்காலத்தில் 5.30. நான் அனுப்ப அவர்கள் நித்திரை. அவர்கள் எழுதப் பலவேளை நான் நித்திரை. இரண்டு சாம்பல் சரி என்பது பாதி நேரம் பூமி சுற்றுகிற கணக்குத்தான்.

ஆகவே என் தாழ்மையான வேண்டுகோள் நான்கு. ஒன்று, முக்கியமான நம்பர்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஊரிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அயல்வீட்டு நம்பர் ஒன்றும் இருக்கட்டும். இரண்டு, கிழமைக்கு ஒருக்கா அந்த ரிக்குவெஸ்ற் அறையைத் திறந்து பாருங்கள். மூன்று, உடனே பதில் எழுத நேரமில்லை என்றால் "பிறகு எடுக்கிறன்" என்று இரண்டு சொல் போடுங்கள். நாலு, யாரிலாவது மனத்தாங்கல் வந்தால், போன் காட்டுவதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் குரலைக் கேளுங்கள்.

புது நம்பருக்கு நான் முதல்முதல் எடுத்தபோது அக்கா "ஹலோ" என்றா. எனக்குப் பேச்சு வரவில்லை. "ஆர், தம்பியோ?" என்றா. அதற்கு மேலே நான் மன்னிப்புக் கேட்கவும் அவ விடவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டா. "இப்ப நல்லாக் கண் தெரியுது அப்பு, உன்ரை படத்தைப் பாத்தனான், மெலிஞ்சுபோனாய்" என்றா அம்மா.

இந்தச் சித்திரை வருடப்பிறப்புக்கு, நீங்கள் கதையாமல் விட்டிருக்கும் ஒருவருக்கு ஒரு கோல் எடுங்கள். படம் போட்ட வாழ்த்து அனுப்பிவிட்டுச் சரியை எண்ண வேண்டாம். எடுத்துக் கதையுங்கள்.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.