மூடுபனியும் மோட்டார் விளக்கும்

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கீழிறங்கும் வீதியில் மாலை வேளையில் வண்டி ஓட்டும் சாரதிக்கு மூடுபனி புதிய விருந்தாளி அன்று. தேயிலைச் செடிகளின் மீது தவழ்ந்துவரும் வெண்முகில் ஒரு வளைவில் வீதியை முற்றாக மறைத்துவிடும். அடுத்த வளைவில் ஒன்றும் நடவாததுபோல் விலகி நிற்கும். ஒரு புறம் மலைச்சுவர், மறு புறம் பள்ளம். இவ்விரண்டிற்கும் நடுவே, எதிரே வரும் பஸ் வண்டிக்கும் இடம் விட்டு, வீதியின் ஓரத்தைக் கண்டறிந்து செல்வதே அவ்வேளையில் சாரதியின் முழு வேலையாகும்.

பழக்கமில்லாத சாரதி அப்போது செய்யும் முதற்காரியம் முன்விளக்கை உயர்த்திப் போடுவது. உடனே அவர் முன்னே ஒரு வெள்ளைச் சுவர் எழுகின்றது. பனி என்பது மிக நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். விளக்கினின்றும் புறப்பட்ட ஒளியின் ஒரு பகுதி அத்துளிகளிற் பட்டுச் சிதறிச் சாரதியின் கண்ணுக்கே திரும்பி வருகின்றது. ஒளியைக் கூட்டக் கூட்டச் சுவரும் வெண்மையாகின்றது. இதற்காகவே மூடுபனி விளக்கு வண்டியின் முன்புறத்தில் தாழ்வாகப் பொருத்தப்படுகின்றது. அதன் கதிர் தூரம் செல்வதற்காக அமைந்ததன்று. அது இருபுறமும் அகன்று பரந்து, மேல் விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் நேர்கோடாக நின்று, தரையை ஒட்டிச் செல்லுமாறு அமைந்தது. கண்ணுக்கும் கதிருக்கும் இடையே இருள் இருப்பதனாலேதான் வீதியோரத்து வெள்ளைக் கோடும் கானும் தெரிகின்றன. அந்த இருளைக் காப்பாற்றுவதே நல்ல மூடுபனி விளக்கின் திறமை.

மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகளும், தொண்ணூறுகளில் யப்பானிலிருந்து வந்த கார்களும் இன்னும் நமது மலைநாட்டு வீதிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் உரிமையாளர் பலர் மங்கிப்போன ஹலோஜன் குமிழ்களைக் கழற்றிவிட்டு, எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயிக் குமிழ்களை மாட்ட விரும்புகின்றனர். கடையிற் பெட்டியுடன் கிடைக்கும். மாட்டுவதற்கும் அதிக நேரம் வேண்டியதில்லை. ஆயினும் இவ்விடத்தில் சற்று நின்று ஆராய வேண்டியிருக்கின்றது.

பழைய விளக்கு மங்கியதற்குக் குமிழ்தான் காரணமா என்பது முதற் கேள்வி. பெரும்பாலும் அன்று. ஆண்டுக்கணக்கில் மழையும் சேறும் பட்ட வயர்களிலும் துருவேறிய இணைப்புக்களிலும் மின்னழுத்தம் குறைந்துபோகின்றது. இழைக்குமிழின் இயல்பு யாதெனில், அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். போதாதற்கு, விளக்கின் உள்ளே வெள்ளி பூசிய கிண்ணம் கறுத்திருக்கும். முன்கண்ணாடி கற்பட்டு மங்கியிருக்கும். கிண்ணம் கறுத்த விளக்கில் எந்தக் குமிழை மாட்டினும் பயன் சொற்பமே. ஆகவே இணைப்புக்களைச் சுரண்டித் துப்புரவாக்கி, பற்றரியிலிருந்து நேரே தடித்த வயர் ஒன்றும் ஒரு பியூசும் ஒரு ரிலேயும் போட்டுப் பார்ப்பது முதற் சிகிச்சை. செலவு குறைவு. கராஜ்காரர் சிலர் இதனைச் சொல்வதில்லை என்பது வேறு விடயம்.

இனி எல்.ஈ.டி.யின் நன்மையைக் கூறாமல் விடுவதும் நேர்மையாகாது. 55 வாற்று ஹலோஜன் குமிழ்கள் இரண்டு, 12 வோல்ற்று வண்டியில் ஒன்பது அம்பியருக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கும். பழைய மொரிஸ் மைனரின் டைனமோ அதன் உச்ச வேகத்திலேயே சுமார் 22 அம்பியர்தான் தரவல்லது. மூடுபனியில் வண்டி முதலாம், இரண்டாம் கியரில் ஊர்ந்து செல்கின்றது. எஞ்சின் மெல்லச் சுழலும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தருவதில்லை. முன்விளக்கு, பின்விளக்கு, மழைத்துடைப்பான், மூடுபனி விளக்கு ஆகிய எல்லாவற்றையும் பற்றரியே தாங்க வேண்டும். விளக்கு மிகவும் தேவைப்படும் வேளையிலேயே மின்சாரம் மிகவும் அரிதாகின்றது. இருபது வாற்றுக்கு உட்பட்ட எல்.ஈ.டி. குமிழ்கள் இரண்டு மூன்று அம்பியர் அளவில் காரியத்தை முடித்துவிடும். பழைய வண்டிக்கு இது சிறிய உதவியன்று.

ஆயினும் வடிவம் என்றொரு தொல்லை இருக்கின்றது. ஹலோஜன் குமிழில் ஒளி தருவது சில மில்லிமீற்றர் நீளமே கொண்ட ஒரு சுருள் இழை. விளக்கின் கிண்ணமும் வில்லையும் அந்த இழை இன்ன இடத்தில், இன்ன திசையில் இருக்கும் என்று கணக்கிட்டே வார்க்கப்பட்டவை. இழை எப்பக்கமும் ஒளி வீசும். எல்.ஈ.டி. குமிழிலோ ஒரு தகட்டின் இரு முகங்களிலே சில்லுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன; ஒளி இரு பக்கமாகவே செல்கின்றது. சில்லு இழை நின்ற இடத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் விலகினாலும், கத்தி விளிம்பு போன்ற மேற்கோடு கலைந்துவிடும். அப்பொழுது ஒளி மேலே எழுந்து பனியிற் படும். சாரதிக்கு மீண்டும் வெள்ளைச் சுவர். எதிரே ஏறிவரும் வண்டிச் சாரதிக்கோ கண் கூச்சம். அவர் வீதியோரத்தை இழப்பது இவருடைய விளக்கினால். தன் வண்டியின் முன்னே வெளிச்சம் கூடியிருப்பதைக் கண்டு மகிழ்பவர் இதனை அறிவதில்லை. ஐரோப்பாவில் இழைக்குமிழுக்கென அங்கீகரிக்கப்பட்ட விளக்கில் எல்.ஈ.டி. குமிழை மாட்டுவது பொதுவாக அனுமதிக்கப்படாமைக்கும் இதுவே காரணம். ஜேர்மனியில் 2020ஆம் ஆண்டு தொடக்கம் சில குமிழ்களுக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் ஒவ்வொரு வண்டி மாதிரியிலும் சோதித்துப் பட்டியலிட்ட பின்னரே.

நிறத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்பர். வானத்தின் நீலத்தை உதாரணமாகக் காட்டுவோரும் உளர். வானில் ஒளியைச் சிதறச் செய்வன காற்றின் மூலக்கூறுகள். அவை ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறியவை. பனித்துளியோ பெரும்பாலும் பத்து மைக்கிரோன் அளவினது. ஒளியின் அலைநீளத்தைப் போலப் பன்மடங்கு பெரியது. அது எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரேயளவிற் சிதறச் செய்கின்றது. எனவே மஞ்சளுக்கு ஊடுருவும் வரம் எதுவும் இல்லை. எனினும் நீலம் மிகுந்த வெள்ளொளி கண்ணை அதிகம் கூசச் செய்கின்றது. எல்.ஈ.டி.யின் வெள்ளொளி, நீல ஒளியின்மீது மஞ்சட்பொருள் பூசிப் பெறப்படுவதாகலின், அதில் நீலம் மிகுந்திருப்பது இயல்பே. அந்த நீல ஒளிச்சில்லை ஆக்கியமைக்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அறிஞர்தம் பெருமை ஒரு புறம் இருக்க, மலைநாட்டுச் சாரதி கடையில் 6000 கெல்வின் என எழுதிய பெட்டியை ஒதுக்கி 3000 கெல்வின் எனும் மஞ்சள் சார்ந்ததை எடுப்பது கண்ணுக்கு இதமானது.

வெப்பமும் கவனிக்கத்தக்கது. ஹலோஜன் குமிழின் வெப்பம் முன்புறமாகச் சென்று கண்ணாடியின் ஈரத்தை உலர்த்துகின்றது. எல்.ஈ.டி.யின் வெப்பம் பின்புறமாகச் செல்ல வேண்டும். அதற்கென அலுமினியத் தகடோ சிறு விசிறியோ உண்டு. பழைய விளக்கின் பின்மூடியை இறுக மூடினால் சில்லு வெந்து ஒளி குன்றும். திறந்து விட்டால் மழைநீர் புகும். மூடுவதற்குப் போதிய இடம் உண்டா என்பதை வாங்குமுன் அளந்து பார்த்தல் வேண்டும்.

பிரித்தானியப் பழைய வண்டி வைத்திருப்போர் இன்னொன்றும் நோக்குக. அக்கால வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. இழைக்குமிழுக்கு முனை எதுவாயினும் ஒன்றே. இருவாயியோ ஒரு திசையில் மட்டும் மின்னை விடும். மாற்றி இணைத்தால் எரியாது. பாதுகாப்பில்லாத மலிவுக் குமிழ் ஒரேயடியாகக் கெட்டும் போகும். இரு முனைக்கும் இயங்குவதெனக் குறிப்பிட்ட குமிழே இவ்வண்டிகளுக்கு ஏற்றது. மலிவான குமிழ்களின் மின்சுற்று வண்டியிலுள்ள வானொலியில் இரைச்சலையும் உண்டாக்குவதுண்டு என்பதை வானொலி நேயருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாட்டுவதெனத் துணிந்தவர் செய்யத்தக்க சோதனை மிக எளிது. இருட்டிய பின் வண்டியைச் சமதரையில், ஒரு சுவரிலிருந்து பத்து மீற்றர் தள்ளி நிறுத்துக. விளக்கின் நடுப்புள்ளியின் உயரத்தைச் சுவரிற் சோக்கினாற் குறித்து, அதற்கு இருபது சென்ரிமீற்றர் கீழே ஒரு கோடு இடுக. கதிரின் மேல் விளிம்பு அக்கோட்டில் நிற்பது வழக்கமான அளவு. முதலில் ஒரு பக்கத்தில் மட்டும் புதிய குமிழை மாட்டி, மறுபக்கத்துப் பழையதுடன் ஒப்பிடுக. புதியதன் விளிம்பு கூர்மையாக இருப்பின் நன்று. மேலே ஒளி சிதறித் தெரிந்தால் குமிழைத் தன் அச்சில் சற்றுத் திருப்பி, சில்லுகள் இடமும் வலமும் நோக்குமாறு வைத்துப் பார்க்கலாம். அப்பொழுதும் சீராகாவிடின் அக்குமிழ் அவ்விளக்குக்குரியதன்று. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை. அத்தகையோர் குமிழை விடுத்து, எல்.ஈ.டி.க்கென்றே வில்லையுடன் ஆக்கப்பட்ட முழு விளக்கை வாங்குவது மேல். மொரிஸ் மைனர் போன்ற வண்டியில் முன்தாங்கியின் மீது தனி விளக்கைப் பொருத்துவது கடினமன்று.

விளக்கு எத்துணை நன்றாயினும் வேகம் அதனுடன் ஏறக்கூடாது. மணிக்கு 48 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி, சாரதி ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து நிற்பதற்கு உலர்ந்த சமவீதியிலேயே சுமார் 23 மீற்றர் ஓடிவிடும். நனைந்த இறக்கத்தில் இன்னும் கூடும். மூடுபனி விளக்கு காட்டும் தூரமோ பல வேளைகளில் அதனினும் குறைவு. பனி விலகிய இடத்தில் அவ்விளக்கை அணைத்துவிடுதலும் வேண்டும்.

கழற்றிய ஹலோஜன் குமிழ்களை எறிந்துவிடாது, கண்ணாடியிற் கைபடாமல் துணியிற் சுற்றி, வண்டியிலே வைத்திருப்பது நல்லது. எல்.ஈ.டி. குமிழின் சிறு விசிறி மழைக்காலத்தில் ஓரிரவு நின்றுபோனால், அட்டனிலோ புசல்லாவையிலோ அவ்வேளையில் கடை திறந்திருக்கும் என்பது நிச்சயமில்லை.