வேலிக்கருவைக் கங்கும் மாட்டுக்கறியும்

(காரைக்குடியில் இளைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் ஒரு தம்பி கைப்பேசியில் வீடியோ காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் 'பெல்லட் ஸ்மோக்கர்' என்னும் அடுப்பில் ஸ்டேக் சுடுகிறார். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளுகிறது. விசிறி புகையைச் சுற்றவிடுகிறது. 110 டிகிரி சூட்டில் கறி மெல்ல வேகிறது. கறியின் உள்சூடு 50 டிகிரியைத் தொட்டதும் பெருந்தீயில் இருபுறமும் வாட்டி எடுக்கிறார். “செமையா இருக்குண்ணே, நம்ம ஊருல இதெல்லாம் எங்க?” என்றான்.

நம்ம ஊரில்தான் இருக்கிறது. அந்த அடுப்புக்கு அவர்கள் விரும்பி வாங்கும் மரங்களில் ஒன்று மெஸ்கீட். நம் கண்மாய்க் கரைகளில் மண்டிக் கிடக்கும் வேலிக்கருவை அதன் நெருங்கிய உறவு. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் அதை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஸ்டேக் என்பதும் தடித்த துண்டாக வெட்டிய மாட்டுக்கறிதான். என் அப்பத்தா மாட்டுக்கறியை நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போடுவார். சோறு வடித்த பிறகு அந்த உப்புக்கண்டத்தை அடுப்புக் கங்கில் சுட்டுத் தருவார்.

அமெரிக்கர் சுட்டால் ஸ்டேக்; அப்பத்தா சுட்டால் நாத்தம். யார் சுடுகிறார் என்று பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள்.

'செட்டிநாட்டுச் சமையல்' என்ற பலகை உலகமெங்கும் தொங்குகிறது. கோழி, ஆடு, காடை, நண்டு எல்லாம் உண்டு, மாட்டுக்கறி இல்லை. நகரத்தார் வீட்டில் அது சமைப்பதில்லை என்றால் அது அவர்கள் விருப்பம், அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் செட்டிநாடு ஒரு நிலத்தின் பெயர். இந்த நிலத்தில் சேரியும் இருக்கிறது, சேரியில் அடுப்பும் எரிகிறது.

அந்த அடுப்பின் மேல் என்ன பாத்திரம் இருக்கலாம் என்றுகூட உத்தரவு போட்டவர்கள் உண்டு. 1930 டிசம்பரில், இன்றைய சிவகங்கையும் சேர்ந்திருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது என்ற அந்த வரிசையில், வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது என்பதும் ஒன்று. தடையை மீறியதற்காகக் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் அதில் இடமில்லை. எதிர்ப்புக் கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. கேள்வி கேட்க ஆள் இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

உங்கள் கல்லூரியிலும் உணவுத் திருவிழா வரும். “எல்லோருக்கும் பொதுவானது மட்டும் வைப்போம்” என்பார்கள். அந்தப் பட்டியலை எழுதியது யார் என்று கேளுங்கள். மாட்டுக்கறிக்கு ஒரு கடை கேளுங்கள். கிடைத்தால், 'ஸ்டேக்' என்று எழுதி ஒளிந்துகொள்ளாதீர்கள். 'மாட்டுக்கறி' என்றே பெரிய எழுத்தில் எழுதுங்கள். வேண்டாதவர்கள் அடுத்த கடைக்குப் போகட்டும்.

ஜெய்பீம்!