வெண்டைக்காயும் விருத்தாசலத்துக் களிமண்ணும்

(சேத்தியாத்தோப்பில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எதைப்பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று வழியெல்லாம் தோழர்கள் கேட்டுக்கொண்டே வந்தார்கள். கடவுளைப்பற்றியா, சாஸ்திரத்தைப்பற்றியா என்றார்கள். இரண்டும் இல்லை, வெண்டைக்காயைப்பற்றி என்றோம். சிரித்தார்கள். இப்பொழுது நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்தபின் சற்றுப் பொறுமையாய்க் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். ஏனெனில் வெண்டைக்காயின் கொழகொழப்பு போன்ற சங்கதிகள் எப்படி நீள்கின்றன, எப்படி ஓடுகின்றன என்று ஆராய்வதற்கென்றே உலகத்துப் பெரிய சர்வகலாசாலைகளில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த சாஸ்திரத்துக்கு ரியாலஜி என்று பெயர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பாயும் பொருள் எப்படிப் பாய்கிறது, ஏன் அப்படிப் பாய்கிறது என்று கேட்பது, அவ்வளவுதான்.

உங்கள் ஊரிலேயே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. பாகைக் கிண்டினவர்களுக்குத் தெரியும். மெதுவாய்க் கிண்டினால் கொஞ்சம் பலம் போதும், இரட்டிப்பு வேகத்தில் கிண்டினால் இரட்டிப்புப் பலம் வேண்டும். தண்ணீரும் எண்ணெயும் தெளிந்த பாகும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவை. இங்கிலாந்தில் நியூட்டன் என்பவர் 1687-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கணக்குக்கு வித்திட்டார். ஆனால் வெண்டைக்காய் நியூட்டன் சொன்னதைக் கேட்பதில்லை. விரலால் தொட்டு இழுத்தால் நூலாய் நீள்கிறது, விட்டால் சுருங்கப் பார்க்கிறது. முட்டையின் வெள்ளைக் கருவை ஒரு கிண்ணத்தில் விட்டு நடுவில் ஒரு குச்சியை வேகமாய்ச் சுழற்றிப் பாருங்கள். தண்ணீரானால் குச்சியைச் சுற்றிப் பள்ளம் விழும். வெள்ளைக் கருவோ குச்சியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்! இது மட்டும் ஒரு சாமியார் கையில் கிடைத்திருக்குமானால் இந்நேரம் ஒரு மடமே கட்டியிருப்பார். வைசன்பர்க் என்ற ஆராய்ச்சிக்காரர் கையில் கிடைத்தபடியால் 1947-ல் அதற்குக் காரணம் எழுதினார்.

காரணம் இதுதான். இந்த ஜாதிப் பொருள்களில் உள்ள அணுக்கூட்டங்கள் தண்ணீரில் உள்ளவைபோல் குட்டையானவை அல்ல. ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த சங்கிலிகள். இவற்றைத்தான் பாலிமர் என்கிறார்கள். சும்மா இருக்கும்போது நூற்கண்டுபோல் சுருண்டு கிடக்கும். சுழற்றினால் சுற்றுவட்டத்தில் இழுபட்டு நீளும், நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கும். குச்சியைச் சுற்றி ரப்பர் வளையங்களை மாட்டினதுபோல் அந்தச் சங்கிலிகள் உள்நோக்கி இறுக்கும்போது நடுவில் அகப்பட்ட திரவம் போக வேறு வழியின்றி மேலே ஏறுகிறது. மந்திரமுமில்லை, மாயமுமில்லை.

இப்படி நீண்ட சங்கிலி இருக்கிறதென்று ஜெர்மன் நாட்டவரான ஸ்டாடிங்கர் என்பவர் 1920-ல் சொன்னபோது, அந்நாட்டுப் பெரிய பெரிய பண்டிதர்களே ஒப்பவில்லை. இந்த எண்ணத்தைக் கைவிடுங்கள் என்று அவருக்குப் புத்தி சொன்னவர்களும் உண்டு. அவர் அதற்காக யாரையும் சபிக்கவுமில்லை, என்னை நம்புங்கள் என்று கெஞ்சவுமில்லை. கரைசல் எவ்வளவு கெட்டியாய் ஓடுகிறதென்று அளந்து, அதிலிருந்து சங்கிலியின் நீளத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். வருஷங்கள் சென்றன. மறுத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். 1953-ல் அவருக்கு நோபெல் பரிசு கொடுத்தார்கள். பண்டிதர்கள் தங்கள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டதை அங்கே யாரும் அவமானமென்று நினைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். உங்கள் வயலில் போர் போட்டு இறக்கும் பைப்பு, வீட்டுப் பிளாஸ்டிக் குடம், கடையில் கொடுக்கும் பை, இவையெல்லாம் பாலிமரை உருக்கி ஓட்டிச் செய்தவையே. முறுக்குப் பிழிவதுபோல் உருகின பாலிமரைத் துவாரத்தின் வழியே பிழிந்தால், வெளியே வருவது துவாரத்தைவிடப் பருமனாய் வருகிறது. எவ்வளவு பருக்குமென்று கணக்குத் தெரிந்தவன் துவாரத்தை அதற்கேற்பச் செய்கிறான். தெரியாதவன் சரக்கைக் கெடுத்துவிட்டுத் தலையெழுத்து என்கிறான்.

நிற்க, இந்த சாஸ்திரத்தில் நமக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து சர்வகலாசாலையில் 1927-ல் ஒரு புனலில் கீலை ஊற்றி வைத்தார்கள். கீல் என்றால் சுத்தியால் அடித்தால் கண்ணாடிபோல் உடைகிற பொருள். 1930-ல் புனலின் அடியைத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து 2014 வரையில் ஒன்பது சொட்டுதான் பிரிந்தது. அப்படியானால் கீல் கட்டியா, திரவமா? அடிக்கிறவனுக்குக் கட்டி, காத்திருக்கிறவனுக்குத் திரவம். பொருள் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ள எவ்வளவு நேரம் எடுக்கிறது, நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்ற இரண்டையும் வகுத்தால் வருகிற எண்ணுக்கு மார்க்கஸ் ரெய்னர் என்ற என்ஜினீயர் 1964-ல் டெபோரா எண் என்று பெயரிட்டார். டெபோரா பைபிளில் வருகிற ஒரு ஸ்திரீ. கர்த்தரின் முன் மலைகள் ஓடின என்று பாடினவர். ரெய்னர் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். டெபோராவைத் தொழச் சொல்லவில்லை. நம்மவர்களாயிருந்தால், பார்த்தீர்களா, எங்கள் புராணத்தில் அப்போதே ரியாலஜி இருந்தது என்று ஒரு மகாநாடே கூட்டியிருப்பார்கள்!

இனி களிமண்ணுக்கு வருவோம். பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலும், அதைக் கற்பிக்க சர்க்கார் நிலையமும் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஸ்லிப் என்று சொல்லும் களிமண் கரைசலைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு தண்ணீரை உறிஞ்சினபின் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டுப் பொம்மையை எடுக்கிறார்கள். பிள்ளையாரும் வருகிறார், கிருஷ்ணனும் வருகிறார், நாய்க்குட்டியும் வருகிறது. கரைசல் ஒன்றே! கூழ்போல் கெட்டியாயிருக்கும் ஸ்லிப்பில் சிலிக்கேட்டைச் சிறிதளவு விட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே மோர்போல் ஓடுகிறது. அளவு மீறி விட்டாலோ மறுபடியும் கெட்டிப்பட்டுக் கெட்டுப்போகிறது.

நாம் வாலிபத்தில் ஒரு பட்டறையில் ஸ்லிப் கலக்கும் வேலை பார்த்தோம். எட்டாவதோடு படிப்பு நின்றவர் நாம். சிலிக்கேட் எவ்வளவு விடுவதென்று மேஸ்திரி ஒருவருக்குத்தான் தெரியும். அவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அளப்பார். கேட்டால், அது கைராசியடா, கேட்டுத் தெரிவதல்ல என்பார். ஒரு நாள் அவர் வரவில்லை. கொஞ்சம் விட்டால் ஓடுகிறதே, அதிகம் விட்டால் இன்னும் நன்றாய் ஓடுமென்று எண்ணி நாம் விட்டோம். தொட்டி முழுவதும் கெட்டது. ஒரு வாரக் கூலி போயிற்று. கூலி போனது அவ்வளவு வருத்தமில்லை. ஏன் கெட்டது என்று சொல்ல அந்தப் பட்டறையில் ஒருவரும் இல்லை, மேஸ்திரிக்கே தெரியாது. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. களிமண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் கெட்டி, சிலிக்கேட் அவற்றை விலக்கிவிடுவதால் ஓட்டம், உப்பு மீறினால் விலக்கும் சக்தி போய் மறுபடியும் பற்று என்பதை இருபது வருஷத்துக்குப்பின் ஒரு பழைய புத்தகத்தில் படித்தோம். இன்று சிலிக்கேட்டுக்குப் பதிலாகப் பாலிமர் உப்பையே சேர்க்கிற ஆலைகளும் இருக்கின்றன. வெண்டைக்காயும் களிமண்ணும் சந்திக்கிற இடம் இது.

தோழர்களே! நம் நாட்டில் மண்ணைத் தொட்டவனைக் கீழ்ஜாதி என்றார்கள், ஏட்டைத் தொட்டவனை மேல்ஜாதி என்றார்கள். மண் தொட்டவனுக்கு ஏடு கிடையாது, ஏடு தொட்டவன் மண்ணைத் தொடமாட்டான். குயவர் கைக்கு ஆயிரம் வருஷமாய்த் தெரிந்த ஓட்டத்தை ஒருவரும் அளந்து எழுதாமற் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

சென்னை ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் என்ஜினீயரிங் ஆசிரியர் அபிஜித் தேஷ்பாண்டே என்பவர் நாம் சொன்ன இந்த ரியாலஜியிலேயே, பாலிமர்களிலேயே ஆராய்ச்சி செய்கிறவர். 2010-ல் வேறு இரு ஆசிரியர்களுடன் சேர்ந்து சிக்கலான திரவங்களின் ரியாலஜியைப்பற்றி ஒரு புத்தகம் பதிப்பித்தார். அதைவிட நமக்குப் பெரிதாய்ப் படுவது, அவர் இந்த சாஸ்திரத்தைப் பாடம் பாடமாய்ச் சொல்லி, என்.பி.டி.இ.எல். என்ற ஏற்பாட்டின் மூலம் எவரும் வீட்டிலிருந்தே காசில்லாமல் கேட்கும்படி விட்டிருப்பதுதான். பரீட்சை எழுதிச் சான்று வேண்டுமென்றால்தான் கட்டணம். முதுகைக் காட்டி அளந்த மேஸ்திரியையும், முகத்தைக் காட்டிக் கணக்கைப் பலகையில் போடும் இந்த ஆசிரியரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் அவர் பேசுவது இங்கிலீஷில். தமிழில் இதெல்லாம் வருமா என்று நம்மவர்களே கேட்கிறார்கள். அமெரிக்காவில் பைரன் பேர்ட் என்று ஒரு ஆசிரியர் இருந்தார். 2020-ல் தமது 96-வது வயதில் இறந்தார். 1977-ல் பாலிமர் திரவங்களின் இயக்கத்தைப்பற்றி இரண்டு பாகமாய் வெளிவந்த பெரிய நூலின் முதல் ஆசிரியர் அவரே. அவர் டச்சும் ஜப்பானும் கற்று, ஜப்பானிய விஞ்ஞானக் கட்டுரைகளைப் படிக்க மாணவர்களுக்கு 1975-ல் ஒரு பாடநூலும் கூட்டாய் எழுதினார். ஜப்பான்காரன் தன் பாஷையில் விஞ்ஞானம் எழுதினான்; ஆகையால் அமெரிக்கன் போய்க் கற்றான். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழில் தொடங்கிற்று. வராது என்றது அன்று எங்கே போயிற்று?

இன்னொருவரைச் சொல்லாமல் விடமுடியாது. மஷேல்கர் என்று பெயர். கோவாவில் 1943-ல் பிறந்தவர். தகப்பனார் சிறு வயதிலேயே இறந்தார். தாயார் பம்பாய்க்குக் கூட்டிவந்து கிடைத்த வேலை செய்து காப்பாற்றினார். ஓரிடத்தில் வேலை கேட்டபோது மூன்றாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டுமென்று அந்த அம்மாளைத் திருப்பி அனுப்பினார்களாம். பையனை ஹைஸ்கூலில் சேர்க்க 21 ரூபாய் வேண்டியிருந்தது. அதைச் சேர்க்க 21 நாள் பிடித்தது. இதையெல்லாம் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பிறகு டாட்டா தர்ம நிதியிலிருந்து மாதம் 60 ரூபாய் கிடைத்திராவிட்டால் கல்லூரி ஏது? அந்தப் பையன்தான் கெமிக்கல் என்ஜினீயரிங் படித்து, நியூட்டன் கணக்குக்கு அடங்காத பாலிமர் திரவங்களின் ஓட்டத்தை ஆராய்ந்து, புனா தேசிய ரசாயன ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைவராகி, 1998-ல் நியூட்டன் தலைமை வகித்த அதே ராயல் சொசைட்டியில் அங்கத்தினரானார். 21 ரூபாய் சேராமலே போன வீடுகள் எத்தனை என்பதற்கு யாரிடம் கணக்கு இருக்கிறது? இந்தக் கூட்டத்திலேயே கை தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்?

ஆகையால் ஒரு காரியம் ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை முதல் நம் படிப்பகத்தில் அந்த ரியாலஜிப் பாடத்தைத் திரையில் போடப்போகிறோம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் நிறுத்தித் தமிழில் சொல்ல ஒரு கல்லூரி மாணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கணக்கு வரும் இடங்களில் அவரும் திணறுவார், நாமும் திணறுவோம், நிதானமாய்ப் பார்த்துக்கொள்ளலாம். பட்டறையில் ஸ்லிப் கலக்கும் தோழர்கள் அவசியம் வரவேண்டும். நீங்கள் கையால் கண்டதைச் சொன்னால்தான் பாடம் எங்களுக்கும் விளங்கும். பெண்களுக்கு முன்வரிசை. வரும்போது ஆளுக்கொரு முட்டை கொண்டுவாருங்கள், குச்சி நாம் தருகிறோம். முட்டை வீணாகாதா என்று அங்கே ஒரு அம்மாள் கேட்கிறார். வீணாகாது அம்மா, பாடம் முடிந்ததும் எல்லோருக்கும் ஆம்லெட் போட்டுவிடலாம். அடுப்பு இருக்கிறது.